செட்டிப்பாளையத்தில் நிறுத்தப்பட்ட என் காரைக் குன்னூருக்குக் கொண்டுவந்த அனுபவம்

கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டுக் குன்னூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓடுதளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூடத் தாண்டாத நிலையில் என் காரைப் போலீசார் நிறுத்தினார்கள். சைலன்சர் மாற்றிய வண்டிகளையும் தாறுமாறாக முந்திய வண்டிகளையும் அன்று ஒவ்வொன்றாக ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வண்டி இரண்டு வகையிலும் சிக்கியது. வண்டியையும் ஓட்டுநர் உரிமத்தையும் முழுமையாக மீட்க ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. மாற்றம் செய்த பழைய காரை வாங்கி ஓட்டும் நீலகிரி இளைஞர்கள் பலரை எனக்குத் தெரியும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

“எந்த ஊரு தம்பி?” என்று உதவி ஆய்வாளர் கேட்டார். “குன்னூருங்க சார்” என்றேன். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை ஒருமுறை மிதித்துவிட்டுக் காலை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் சைலன்சர் படபடவென்று வெடித்தது. “மலையிறங்கும்போது வழி நெடுக இப்படித்தானே வெடிக்கும்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. மலைப்பாதையில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும் என்பதால், இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டு எஞ்சினின் பிடியிலேயே இறங்குவது நம் ஊர் ஓட்டுநர்களின் வழக்கம். இத்தகைய சைலன்சர் அதிகமாக வெடிப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், யானைகள் கடக்கும் பர்லியார் பகுதியிலும் அந்தச் சத்தத்தோடுதான் இறங்கியிருக்கிறேன். ஒருமுறை காட்டேரி என்ற ஊருக்கு அருகே, தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து சாலைக்கு வந்த காட்டெருமைக் கன்று ஒன்று, அந்தச் சத்தத்தில் மிரண்டு தடுப்புச் சுவரில் மோதி விழுந்து எழுந்ததைக் கண்ணாரக் கண்டேன். அதற்குப் பிறகும் சைலன்சரை மாற்றவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

“வாங்கும்போதே வண்டி இப்படித்தான் இருந்தது” என்ற என் விளக்கம் எங்கும் எடுபடவில்லை. பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவரே பொறுப்பு. உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சைலன்சர் ஒன்று, வண்டியைத் தாழ்த்தப் போட்ட ஸ்பிரிங் இன்னொன்று எனத் தனித்தனியாகத்தான் கணக்கு. ஒலி மாசுக்கான 190ஆம் பிரிவில் அபராதத்தோடு மூன்று மாதங்களுக்கு உரிமமும் பறிபோகும். ஆபத்தாக ஓட்டியதற்கு 184ஆம் பிரிவு வேறு.

வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டு ரசீதுடன் பேருந்தில் ஊர் திரும்பினேன். கம்பெனி சைலன்சரைப் பொருத்திய பிறகே வண்டியை விடுவிப்போம் என்றார்கள். எனக்கு விற்றவரைக் கேட்டபோது, பழைய சைலன்சரை என்றோ இரும்புக் கடையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். கோவை உக்கடத்தில் இரண்டு நாள் அலைந்து, அதே மாடலுக்கு உரியதைத் தேடிப் பிடித்தேன். குன்னூர் மெக்கானிக் அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து, நிலைய வளாகத்திலேயே தரையில் சாக்கை விரித்துப் படுத்து மாற்றிக் கொடுத்தார். துருவேறிய இரண்டு போல்ட்டுகளைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் செய்த உதவியை என்னால் மறக்க முடியாது.

ஸ்பிரிங்குகளையும் அகலமான சக்கரங்களையும் குன்னூரில் மாற்றினோம். பிறகு உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாகன ஆய்வாளரிடம் காட்டியபோது, பதிவுச் சான்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டவர், கண்ணாடிகளில் இருந்த கறுப்பு ஃபிலிமைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார். 2012இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த அந்த ஃபிலிமை நான் ஒரு மாற்றமாகவே எண்ணியிருக்கவில்லை. ஆகவே, அலுவலகத்துக்குப் போவதற்கு முன் வண்டியை முழுவதுமாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் பாகங்களின் பில்லும் கையில் இருந்ததால், இரண்டாம் முறை கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அபராதத்தை இ-சலான் தளத்தில் கட்டினேன்.

உரிமம் இல்லாத மூன்று மாதங்களும் பேருந்தில்தான் போய்வந்தேன். அந்த நாட்களில், அன்று பந்தயத்தில் பார்த்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். களத்தில் ஓடிய கார்கள் லாரிகளில் ஏற்றி வரப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின்பே ஓடுதளத்தில் இறங்கின. ஓட்டியவர்கள் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் உரிமம் பெற்றவர்கள். கொடியோடு பணியாளர்கள் வளைவுதோறும் நின்றார்கள், ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. அந்தக் களத்துக்கு வெளியே, எதிரில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வரக்கூடிய சாலையில் வேகம் காட்டியவர்கள் என்னைப் போன்ற பார்வையாளர்கள்தான்.

உரிமம் கைக்கு வந்த வாரம், ஒரு காலையில் மேட்டுப்பாளையத்துக்குப் புறப்பட்டேன். காட்டேரியைத் தாண்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தபோது, மரங்களுக்கு அப்பால் மலை ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவரும் சத்தம் கேட்டது. அந்தக் காரில் இருந்தபடி அதை நான் கேட்டது அதுவே முதல் முறை.