வெர்னன் மெக்கீயின் பைபிள் பஸ்

அமெரிக்க வானொலிப் பிரசங்கியார்களில் எனக்குப் பிடித்தவர் ஜே. வெர்னன் மெக்கீ. 1904-இல் டெக்சாஸில் பிறந்தவர், முதலில் வங்கி வேலை, அப்புறம் ஊழியம். 1949 முதல் 1970 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் போதகர்.

வானொலிக்குத் தோதான குரலே இல்லை. இழுத்து இழுத்துப் பேசும் அசல் டெக்சாஸ்காரர்.

1967-இல் தொடங்கிய நிகழ்ச்சியில், திங்கள் முதல் வெள்ளி வரை தினம் அரை மணி நேரம். ஐந்து வருடத்தில் முழு வேதாகமமும் முடியும். இந்தப் பயணத்தைத்தான் 'பைபிள் பஸ்' என்பார். பலி, சுத்தச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தையும் வம்ச அட்டவணைகளையும்கூட விடமாட்டார். ஞாயிறு ஆராதனையில் அந்தப் பக்கம் யார் போகிறார்கள், சொல்லுங்கள்!

1988-இல் காலமானார். பஸ் நிற்கவில்லை, தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகிறது. என்ன, தமிழில் அந்த இழுவை மட்டும் கிடைக்காது.