எதிர்காற்றும் என் அப்பாவும்

அரசுப் பேருந்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவிடம் லண்டன் டிக்கெட்டைக் காட்டியது என் தவறுதான். ஜூன் மாதம் அக்கா வீட்டுக்குப் போய்வர நேரடி விமானத்தில் எங்கள் இருவருக்கும் பதிவு செய்திருந்தேன். சென்னையில் காலை 5.30-க்குப் புறப்பட்டு லண்டனில் 11.45-க்கு இறங்கும் என்று படித்தவர், "ஆறேகால் மணி நேரந்தானா! நம்ம திருநெல்வேலி வண்டி சென்னைக்கு வரவே பதினோரு மணி நேரம் ஆகுமேல" என்று மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி அடுத்த தாளைப் புரட்டும்வரைதான் நீடித்தது. திரும்பும் விமானம் பகல் 2 மணிக்குக் கிளம்பி மறுநாள் அதிகாலை 4.30-க்குச் சென்னை வந்து சேருவதாக அதில் இருந்தது.

"போறதுக்கு ஆறேகால், வாறதுக்குப் பதினாலரையா? வழியில டீ குடிக்க எங்க நிறுத்துதான்?"

லண்டன் கடிகாரம் கோடையில் நம்முடையதைவிட நாலரை மணி நேரமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கி ஓடும் என்று விளக்கினேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். போக 10.45, வர 10.00 என்று விடை வந்தது. நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன்; அவர் விடவில்லை.

"ரெண்டு பக்கமும் 8,200 கிலோமீட்டர்ங்க. அப்புறம் முக்கா மணி நேரம் எங்கல போச்சு?"

ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று, சில இடங்களில் மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டும் என்றும், மேற்கே போகும் விமானம் அதை எதிர்த்துப் போக வேண்டும் என்றும் சொல்லி, படம் வரைவதற்காகப் பேனாவை எடுத்தேன். அவர் கையமர்த்தினார். "ஆரல்வாய்மொழிக் காத்துன்னு சொல்லு, முடிஞ்சுது." ஆடி மாதத்தில் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி நாகர்கோவிலுக்குப் போகும் வண்டி முக்கி முனகி டீசல் குடிப்பதையும், அதே வண்டி திரும்பும்போது யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வருவதையும் முப்பது ஆண்டுகள் பதிவேட்டில் குறித்தவருக்கு என் படம் தேவைப்படவில்லை.

விமானத்தில் அவர் சினிமா பார்க்கவில்லை. முன்னிருக்கையின் முதுகில் இருந்த திரையில் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மணிக்கொரு முறை வேகத்தைச் சட்டைப்பை நோட்டில் எழுதிவந்தார். கைக்கடிகாரத்தை லண்டன் நேரத்துக்கு மாற்றச் சொன்னபோது, "டிப்போ நேரந்தாம்ல நேரம்" என்று மறுத்துவிட்டார்.

கதவு திறந்தபோது அவர் கடிகாரத்தில் மாலை 4.28. வாசலில் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம் நோட்டையும் பேனாவையும் நீட்டி, "பதிமூணு நிமிசம் லேட்டு. யாரும்மா கையெழுத்துப் போடணும்?" என்றார். தமிழ் அறியாத அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, முகமெல்லாம் சிரிப்பாக நோட்டை வாங்கி, 'லேட் 13' என்று எழுதியிருந்த வரிக்கு நேராக அழகாகக் கையெழுத்திட்டு, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்து கொடுத்தார்.