தெரியாத கேள்வியை விட்டுடலாமா?

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் பெண் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள். "சார், தெரியாத கேள்வியை விட்டுடலாமா?"

"எதையும் விடாதேம்மா. எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணை அடிச்சுட்டு வா."

மாதக் கடைசி ரிப்போர்ட்டிலிருந்து நிமிராமலே சொன்னேன்.

நான் மியூச்சுவல் ஃபண்டு பக்கத்திலிருந்து வந்தவன். பங்குச் சந்தைத் தொழிலில் இருப்பவர்கள் எழுதும் என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ்ப் பரீட்சைகளில், ஃபண்டு விற்பவர்களுக்கான ஐந்து-ஏ எழுதியவன். அதில் 100 கேள்வி, 50 எடுத்தால் பாஸ், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்வதோடு சரி. அவள் எழுதப்போனது எட்டாவது சீரிஸ், ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ், அதாவது பங்கு விலையை வைத்து நடக்கும் ஒப்பந்த வியாபாரம் பற்றியது. அங்கே பாஸ் மார்க் 60, ஒவ்வொரு தப்புக்கும் கால் மார்க் போகும். எனக்குத் தெரியாததல்ல. அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை.

57.5 வாங்கினாள்.

"ஒரு இருபது கேள்வி குத்துமதிப்பா அடிச்சேன் சார்" என்றாள். நீங்கள் சொன்னதால்தான் என்று சொல்லவில்லை. "ஃபீஸ் மறுபடி நானேதான் கட்டணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரூல் அப்படித்தான்மா."

ரூல் அப்படித்தான். 1500 ரூபாயை முதலில் நாம் கட்ட வேண்டும், பாஸான ரசீதுக்கு மட்டும் ஆபீஸ் திருப்பித் தரும். அன்று மத்தியானம் மாடிப்படியில் நின்று, "ஆயிரம் இருந்தா ஜிபே பண்ணுடி, ஒண்ணாம் தேதி தந்துடறேன்" என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நான் டீ குடிக்கக் கீழே போக வேண்டியவன், போகாமல் இருக்கைக்கே திரும்பிவிட்டேன். அந்த 1500 என் சட்டைப்பையிலேயே இருந்தது. கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இருபதில் இரண்டு மட்டும் சரியாக விழுந்திருந்தால் இரண்டு மார்க் வரவு, நாலரை செலவு. விட்டிருந்தால் சரியாக 60. நான்கு விழுந்திருந்தால் வரவும் செலவும் சமம், விட்டிருந்தாலும் 57.5தான். ஐந்து விழுந்திருந்தால் என் பேச்சால் அவளுக்கு லாபமே. நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால்கூடச் சராசரியில் மிகக் கொஞ்சம் லாபம்தான் நிற்கும். எத்தனை விழுந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மொத்த மார்க்தான் கையில் இருக்கிறது. ஆகவே நான் சொன்னது தப்பென்று யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த ஆறுதலை எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன்! ஆனால் சொல்லும்போது இந்தக் கணக்கெல்லாம் என் மனதில் இருந்ததா? இல்லை. வேறொரு பரீட்சையை நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன். விதிமுறையை அவளே படித்திருக்கலாம், உண்மைதான். படித்ததனால்தானே என்னிடம் வந்து கேட்டிருப்பாள்?

இரண்டாம் தடவை பாஸாகிவிட்டாள். வவுச்சரில் ஒரு 1500க்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு 1500ஐப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் அதே கேள்வியோடு என் மேஜைக்கு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து அவள் சொன்னாள். "தெரியலைன்னா விட்டுடுப்பா. கால் கால் மார்க்கா போயிடும்."

கணக்குப்படி அது முழுக்கச் சரியில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.