கொல்கத்தாவைக் கட்டி எடுத்து வந்த நாட்கள்

21 டிசம்பர் 2023, வியாழன் (வேளச்சேரி)

மிக்ஜாம் புயல் மழையில் இந்த மாதம் 4-ஆம் தேதி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததில், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் மூன்றும் நனைந்துபோயின. அவற்றுள் ஒன்று, 1986-இல் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு கல்கத்தா போய்வந்தபோது எடுத்த படங்கள் அடங்கியது. பசைக் கோடுகள் போட்ட அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் அந்தக் கால ஆல்பம் அது. மூடிய தாளே தண்ணீரை வெளியே விடாமல் உள்ளே தேக்கி வைத்துக்கொண்டது. ஒட்டிக்கொண்ட படங்களை உலர்ந்தபின் பிரித்தால் உருவம் தாளோடு உரிந்து வந்துவிடும் என்பது தெரிந்திருந்ததால், ஈரம் காயுமுன் நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி பழைய வேட்டியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன். பாதிக்கு மேல் போய்விட்டன.

ஆனால் படங்களின் பின்பக்கம் எனக்கு ஒரு பாடமாக அமைந்தது. அப்பா மைப்பேனாவால் எழுதியதெல்லாம் நீலக் கறையாகக் கரைந்திருக்க, பால்பாயின்ட் பேனாவால் எழுதியவை அப்படியே இருந்தன. ஒரு படத்தில் முன்பக்கம் வெறும் மஞ்சள் மேகம், பின்பக்கம், "ஹௌரா பாலம். மாலை. இவளுக்குச் செருப்பு அறுந்தது" என்று இருக்கிறது. படம் இருந்திருந்தால் பாலம் தெரிந்திருக்கும். அறுந்த செருப்பு தெரிந்திருக்காது.

நாளை மாலை ஹௌரா மெயிலில் நாங்களும் கொல்கத்தாவுக்குப் புறப்படுகிறோம். புயலுக்கு முன்பே எடுத்த டிக்கெட். போன வருடம் மைசூரில் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களை இன்றுவரை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை என்பதால், இம்முறை பயண நினைவுகளை வேறு விதமாகச் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். பையில் எடுத்து வைத்திருப்பவை: தடித்த தாள் நோட்டு ஒன்று, பால்பாயின்ட் பேனாக்கள், மகளின் மெழுகுக் கிரேயான்கள், மெல்லிய டிரேசிங் தாள், நாலைந்து பழைய கடித உறைகள்.

24 டிசம்பர், ஞாயிறு (கொல்கத்தா)

பாலத்தடியில் மல்லிக்காட் பூச்சந்தைக்குக் காலையிலேயே போய்விட்டோம். சாமந்திச் சரங்களைப் பாம்பு போலச் சுற்றித் தலையில் சுமந்து வருகிறார்கள். தரையெல்லாம் ஈரம், அழுகிய இதழ், தண்டு. மேலே 1943-இல் திறந்த அந்தப் பாலம், நட்டு போல்ட்டு இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்த இரும்பு, பனிமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது.

செருப்பு அறுந்த இடம் எது என்று அம்மாவிடம் கேட்டேன். பாலத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க இல்லடி, அது காளிகாட்டுல. உங்கப்பா எதையாவது மாத்தி எழுதி வெச்சிருப்பாரு" என்றாள். முப்பத்தேழு வருடமாக யாரும் கேட்காத கேள்விக்கு இவ்வளவு உடனடியான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. இருவர் சொல்வதையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

மகள் உதிர்ந்த சாமந்தி ஒன்றை முழுதாக நோட்டுக்குள் அழுத்தப் பார்த்தாள். அந்தக் கனத்த பூவில் ஈரம் அதிகம். அப்படியே வைத்தால் நாலு நாளில் பூஞ்சை பிடித்துப் பக்கமே வீணாகும். இதழ்களை மட்டும் பிய்த்துச் செய்தித்தாள் மடிப்பில் வைக்கச் சொன்னேன்.

25 டிசம்பர், திங்கள்

பார்க் தெரு முழுக்க விளக்கும் கூட்டமும். எடுத்த படங்களில் பிறர் தலைகளே தெரிகின்றன.

இரவு அறைக்குத் திரும்பியதும் அம்மா வழக்கம்போலச் செலவுக் கணக்கு எழுத உட்கார்ந்தாள். தற்செயலாக எட்டிப் பார்த்தேன். "டீ 4 – 40. மண்குவளையை எறிய மனம் வரவில்லை. சந்தேஷ் இனிப்பு 6 – 120, ஒன்று கீழே விழுந்தது. ரிக்‌ஷா 80, மாப்பிள்ளை பேரம் பேசாமல் கொடுத்தார்." நாள் முழுக்க நான் யோசித்து யோசித்து எழுதிய ஒன்றரைப் பக்கத்தில், எந்த வரிசையில் எங்கெங்கே போனோம் என்பதே இல்லை, அம்மாவின் பதினோரு வரிகளில் காலை முதல் இரவு வரை அனைத்தும் வரிசை தப்பாமல் இருக்கின்றன. சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது. ஊருக்குப் போனதும் அந்தப் பக்கங்களை நகல் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன். நோட்டைக் கொடுக்க மாட்டாளாம்.

26 டிசம்பர், செவ்வாய்

நேற்று விடுமுறையாக இருந்த ஜிபிஓவுக்கு, அதாவது தலைமை அஞ்சலகத்துக்கு, இன்று போனோம். 1860-களில் கட்டிய, வெள்ளைக் குவிமாடம் கொண்ட அந்தப் பெரிய கட்டடம் பழைய வில்லியம் கோட்டை இருந்த இடத்தின்மேல் நிற்கிறது. அந்தக் கோட்டை இப்போது இல்லை; ஆனால் அதன் தென்கிழக்குக் கொத்தளம் எதுவரை இருந்தது என்பதைக் காட்ட, படிகளிலும் நடைபாதையிலும் ஒரு பித்தளைக் கோட்டைப் பதித்து, பக்கத்தில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். மகள் அந்தக் கோட்டின்மேல் ஒரு காலை முன்னே ஒரு காலைப் பின்னே வைத்து நடந்து பார்த்தாள்.

ஐம்பது பைசா அஞ்சலட்டைகள் வாங்கி, எங்கள் வீட்டு முகவரிக்கே ஆளுக்கொன்று எழுதினோம். என்ன எழுதுவது என்று தெரியாமல் எல்லாரும் "இங்கே நலம்" என்று தொடங்கியதால், அடித்துவிட்டு ஒரு விதி வைத்தேன்: இன்று காதில் விழுந்த ஒரு பேச்சை மட்டும் எழுத வேண்டும். அட்டை ஊர் போய்ச் சேர்கையில் தேதி முத்திரையும் சேர்ந்து வரும். நாம் இங்கே இருந்தோம் என்பதற்கு இந்த ஊரே குத்திக்கொடுக்கும் சாட்சி அது. ஜெல் பேனா கூடாது என்று கறாராகச் சொன்னேன். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பல ஜெல் பேனாக்களின் மையும் கரைந்துவிடும்.

27 டிசம்பர், புதன்

ஷியாம்பஜாரிலிருந்து எஸ்பிளனேடுக்கு டிராம். 1873-இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறி, இந்த 2023-இல் இரண்டு மூன்று தடங்களாகக் குறைந்துவிட்ட வண்டி இது. இதைப் படம் எடுப்பதைவிட ஒலியைப் பதிவு செய்வதே முறை என்று தோன்றியது. போனை விமானப் பயன்முறையில் போட்டு, சன்னல் காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க ஒரு சாக்ஸுக்குள் நுழைத்து, முதலில் தேதியையும் இடத்தையும் வாயால் சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்கினேன். அப்படிச் சொல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எந்தக் கோப்பு எது என்று தெரியாது. கல்லூரித் தெரு வளைவில் சக்கரம் தண்டவாளத்தோடு உரசிக் கிறீச்சிடுவதும், ஓட்டுநர் காலால் மிதிக்கும் மணியும், நடத்துநர் கயிற்றை இழுத்ததும் டிங் என்று ஒலிப்பதும் நன்றாக விழுந்திருக்கின்றன. நடுவில் என் கணவர், "இது நடந்து போனாலே சீக்கிரம் போயிடலாமே" என்று சொன்னதும் விழுந்திருக்கிறது. அறைக்கு வந்து அதை வெட்ட எடுத்தேன்; வெட்டவில்லை.

தங்கியிருக்கும் சந்தில், எழுத்துப் பொறித்த வார்ப்பிரும்புச் சாக்கடை மூடி ஒன்றின்மேல் தாளை விரித்து, கிரேயானின் மேலுறையை உரித்துப் படுக்கவைத்து, எழுத்து தாளில் பதியும்படி தேய்த்தோம். வழியே போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, காற்றில் பறக்கும் மூலையைச் செருப்புக் காலால் மிதித்து உதவினார். அவர் செருப்பின் நுனியும் தாளில் அழுக்காகப் பதிந்திருக்கிறது. தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில், 1767-இல் திறந்த இடத்தில், இதேபோல் எழுத்துகளைத் தேய்த்து எடுக்க மகள் ஆசைப்பட்டாள். அங்கே நான் விடவில்லை: பழைய காரைப் பூச்சும் கல்லும் நம் கைபட்டு உதிரக் கூடாது.

28 டிசம்பர், வியாழன்

நாளை புறப்பாடு. அம்மா எறியாமல் சேர்த்த மண்குவளைகள் ஏழு. கழுவி நிழலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சாக்ஸுக்குள் திணித்தேன். ஒன்றில் கையைவிட்டபோதே உடைந்துவிட்டது. துண்டுகளை உறையில் போட்டுக்கொண்டேன்.

இனிப்புக் கடை ரசீதுகளை அப்படியே நம்ப முடியாது. அவை மையால் அச்சானவை அல்ல. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சு கொண்ட தாள்கள், வெயிலிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்தால் வெளுத்துப்போகும். நகல் எடுத்து நகலைத்தான் ஒட்ட வேண்டும். நொலென் குட் என்னும் ஈச்சவெல்லத்தின் வாசனைக்கு மட்டும் எந்த வழியும் தோன்றவில்லை. "நம் கருப்பட்டியை விறகுப் புகையில் ஒரு நிமிடம் காட்டியதுபோல" என்று எழுதி வைத்தேன். சரியாக வரவில்லை, ஆனாலும் பக்கத்தில் இருக்கிறது.

3 ஜனவரி 2024, புதன் (வேளச்சேரி)

நான்கு போன்களிலும் சேர்த்து 1,140 படங்கள். அப்பாவின் ஃபிலிம் சுருளில் 36 தான் அடங்கும் என்பதால் நானும் 36 என்று வரம்பு வைத்து மூன்று இரவுகள் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்து, ஸ்டுடியோவில் அச்சிட்டு வாங்கினேன். கூட்டத் தலைகள் நிறைந்த பார்க் தெருப் படம் ஒன்றும் மகளின் பிடிவாதத்தால் உள்ளே வந்துவிட்டது.

செலோ டேப்பைத் தொடவே இல்லை. சில வருடங்களில் அதன் பசை பழுப்பாகித் தாளில் ஊறும். படங்களை நோட்டுப் பக்கத்தில் கீறிய நான்கு மூலைப் பிளவுகளில் செருகினேன். டிராம் டிக்கெட்டுகளுக்கு மட்டும் மைதாப் பசை காய்ச்சி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தை புழங்கும் நோட்டுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

7 ஜனவரி, ஞாயிறு

அஞ்சலட்டைகள் நான்கும் நேற்று மதியம் சேர்ந்து வந்தன. இரண்டில் முத்திரை தெளிவு, ஒன்றில் பாதி வட்டம், அம்மாவுடையதில் வெறும் கரிக்கோடு. அம்மா எழுதியிருந்த பேச்சு: "ஓட்டல் பையன் என்னை மாஷிமா என்று கூப்பிட்டான்." வங்காளத்தில் பெரியம்மா, சித்தியை அழைக்கும் சொல் அது.

பாலத்தின் படத்தைக் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்து வைத்து, பால்பாயின்ட் பேனாவை அழுத்தாமல் பிடித்து எழுதினேன்: "ஹௌரா பாலம், 24.12.2023, காலை, பனி. 1986-இல் செருப்பு அறுந்தது இங்கே என்று அப்பா எழுதியிருக்கிறார். காளிகாட்டில் என்று அம்மா சொல்கிறாள்." அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒரு முறை படித்துவிட்டு, "பச்சை வார் வெச்ச செருப்புன்னும் எழுதிக்கோ" என்றாள்.