மெமரியை யார் விடுவிப்பது?

நான் எழுதிய மின்னஞ்சல் தேடும் கருவி சி மொழியில் இருக்கிறது. மெயில்டிர் (ஒவ்வொரு மெயிலையும் தனி ஃபைலாக வைக்கும் முறை) ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே இருக்கும் மெயில்களைப் படித்து, அனுப்பியவர், சப்ஜெக்ட், இணைப்பு என்று பிரித்து வைத்துக்கொண்டு, கேட்டதைத் தேடித் தரும். எனக்காக எழுதியது. ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டதுகூட, கணினி மாறினால் எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளலாமே என்றுதான். ஒருநாள் ஒருவர், "இதைப் பைதானிலிருந்து கூப்பிட முடியுமா?" என்று கேட்டார். சனி, ஞாயிறில் முடித்துத் தருகிறேன் என்று பதில் எழுதினேன். நான்கு மாதம் ஆயிற்று.

முதல் பதிப்பு உண்மையிலேயே ஒரு மாலையில் முடிந்தது. சி ஃபங்ஷன்களைக் கூப்பிட, பைதானோடு வரும் சிடைப்ஸ் என்ற கருவியே போதும். லைப்ரரியை ஏற்றி ஃபங்ஷன் பெயரைச் சொன்னால் கூப்பிட்டுவிடும். என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. கேட்டவரிடம் போனதும், டேட்டாபேஸைத் திறந்த மறுவரியிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக் கூடாத மெமரியைத் தொட்டு நிரல் நின்றுவிட்டது. இரண்டு நாள் அவருடைய கணினியைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையது. ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று நாம் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். இன்ட் என்ற முழு எண் 32 பிட், என் ஃபங்ஷன் தந்த பாயிண்டர், அதாவது மெமரி முகவரி, 64 பிட். முகவரியின் மேல்பாதி போயே போச்சு. என்னிடம் இருந்தது பழைய முறையில் கட்டிய பைதான். அதில் ஹீப், அதாவது நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி, கீழ் முகவரிகளிலேயே கிடந்ததால் வெட்டுப்பட மேல்பாதியில் எதுவும் இல்லை. அதிர்ஷ்டத்தில் ஓடிய நிரலைச் சரியான நிரல் என்று நம்பியிருக்கிறேன்.

அடுத்தது இதைவிட மோசம். தேடல் சரியாக நடக்கும், விடையும் வரும், நிரல் முடியும் கணத்தில் கிராஷ் ஆகும். அதுவும் எப்போதாவதுதான். என் சி லைப்ரரியில் ஒவ்வொரு மெயிலும் டேட்டாபேஸுக்குச் சொந்தம். டேட்டாபேஸை மூடினால் மெயில்களும் சேர்ந்து விடுவிக்கப்படும். சி-யில் எழுதுகிறவருக்கு அது பெரிய வசதி. வேண்டாத ஆப்ஜெக்ட்களைத் தானே விடுவிக்கும் பைதானின் குப்பை சேகரிப்புக்கு இந்த உறவுமுறை எங்கே தெரியும்? சில சமயம் டேட்டாபேஸை முதலில் தூக்கிப் போட்டுவிட்டு, அப்புறம் மெயிலை விடுவிக்கப் போகும். அங்கே மெயிலே இருக்காது.

நாட்மச் என்ற மெயில் கருவியின் நிரலை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். அதுவும் சி லைப்ரரிதான். டாலாக் என்ற மெமரி முறையைப் பயன்படுத்துகிறது, தாயை விடுவித்தால் பிள்ளைகளும் போய்விடும். அவர்களுடைய பழைய பைதான் பைண்டிங்கும் (லைப்ரரியை வேறு மொழியிலிருந்து கூப்பிட வைக்கும் இணைப்பு) சிடைப்ஸ்தான். பிறகு நாட்மச்2 என்று சிஎஃப்எஃப்ஐ என்ற வேறொரு கருவியை வைத்துப் புதிதாக இன்னொன்று எழுதியிருக்கிறார்கள். பார்த்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நானும் சிஎஃப்எஃப்ஐ-க்கு மாறினேன். ஒவ்வொரு மெயில் ஆப்ஜெக்டும் தன் டேட்டாபேஸைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். கடைசி மெயில் போகும்வரை டேட்டாபேஸும் போகாது.

தமிழ் சப்ஜெக்டில் ஒரு வாரம் போனது. தமிழில் எழுதிய சப்ஜெக்ட் பெரும்பாலும், 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறபடி, துண்டு துண்டாகக் குறியாக்கப்பட்டுத்தான் போகும். ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8, பேஸ்64 என்று அறிவிக்கும் தலையும் வாலும் அதில் 12-ஐத் தின்றுவிடும். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்குவதால் மிச்சத்தில் 45 பைட் அடங்கும். தமிழில் ஒரு யூனிகோட் குறிக்கு 3 பைட், ஆக 15 குறி. புள்ளியும் தனிக் குறி என்பதால் 'வணக்கம்' என்பதற்கே 7 செலவாகும். இடையில் ஒரு இடைவெளி வந்தால் அது ஒரே பைட், கணக்கு நகர்ந்துவிடும். துண்டு மாறும் இடத்தில் ஒரு குறியை நடுவில் உடைக்கக் கூடாது என்பது விதி. உடைத்து அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. சி-யில் நான் பைட்களை வெறுமனே ஒட்டிவிடுவேன், உடைந்ததும் கூடிவிடும். பைதானில் புத்திசாலித்தனமாக ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஸ்ட்ரிங் ஆக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது ஒட்டும் வேலை சி பக்கமே நடக்கிறது. மூல பைட்கள் வேண்டும் என்பவருக்குத் தனி ஃபங்ஷன் ஒன்றும் இருக்கிறது.

கால்பேக்கைத் தூக்கியெறிந்ததுதான் இதில் நான் எடுத்த நல்ல முடிவு. "ஒவ்வொரு மெயிலுக்கும் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்பது முன்பிருந்த ஏற்பாடு. கால்பேக்குக்குள் பைதான் பிழை எழுந்தால் சிடைப்ஸ் அதைத் திரையில் அச்சடித்துவிட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது. ரூபி மொழியிலோ, பிழை எழுந்தால் என் சி ஃபங்ஷனைத் தாண்டி ஒரே பாய்ச்சல். நான் திறந்த ஃபைல் திறந்தபடியே கிடக்கும். இப்போது "அடுத்ததைக் கொடு" என்று ஒரே ஒரு ஃபங்ஷன். எந்த மொழிக்காரருக்கும் அது புரிகிறது. பழைய நிரல்கள் உடைந்தன, இரண்டு பேர் திட்டினார்கள், சரி.

எந்த மொழியும் படிக்கக்கூடிய ஜேசான் வடிவில் விடை தரும் கட்டளை ஒன்றையும் நாற்பது வரியில் சேர்த்தேன். பைண்டிங் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு அதுவே போதுமாயிருக்கிறது. முதலிலேயே செய்திருக்கலாம்.

போன வாரம் ரூபி பைண்டிங் ஒன்றை யாரோ எழுதி அனுப்பியிருந்தார். எனக்கு ரூபி அவ்வளவாகத் தெரியாது. அவர் அனுப்பிய பேட்ச்சின் (திருத்தங்களின் தொகுப்பு) கடைசியில், ஃபங்ஷன்களை அறிவிக்கும் என் ஹெட்டர் ஃபைலிலும் ஒரு வரி மாறியிருந்தது. சப்ஜெக்டைத் தரும் ஃபங்ஷனுக்கு மேலே, "கூப்பிடுகிறவர் விடுவிக்க வேண்டும்" என்று நான் எழுதியிருந்தேன். அவர் அதை "விடுவிக்கக் கூடாது" என்று திருத்தியிருந்தார். நிரலைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.