மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள்: ஹோமியோபதியில் தொடங்கி நான் போய்வந்த வழி

மாதவிலக்கு வருவதற்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்பே ஆரம்பித்து, வந்த ஓரிரு நாளில் தானாகவே விலகிவிடும் தொந்தரவு ஒன்று இருக்கிறது. மார்பு கனத்து வலிக்கும், வயிறு உப்பிக்கொள்ளும், ராத்திரி தூக்கம் பிடிக்காது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், மனசு நம் பேச்சைக் கேட்காமல் போவதைத்தான் தாங்க முடியாது. டாக்டர்கள் இதை பி.எம்.எஸ். என்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டியதிலிருந்து எனக்கு இது இருக்கிறது. ஹோமியோபதியில் தொடங்கி லேடி டாக்டர் வரை போய் இப்போது ஒரு வழிக்கு வந்திருக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இதே அவஸ்தையில் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர் எனக்குத் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் மேல்பாகங்களை ஜோடி ஜோடியாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா, இடது காலும் வலது காலும் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மற்ற நாட்களில் கண் தானாகப் பிடித்துவிடும். அந்த நாட்களில் ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் மனசில் பதியாது. லைனில் இருக்கும் சின்னப் பெண் யாராவது வந்து சந்தேகம் கேட்டால் சுள்ளென்று விழுவேன். அவள் முகம் சுருங்கிப் போனதும் பாத்ரூமுக்குப் போய் நான் அழுவேன். வீட்டில் மகளிடமும் இதேதான். பீரியட்ஸ் வந்த மறுநாள், வானம் வெளுத்த மாதிரி எல்லாம் சரியாகிவிடும்.

முதலில் பார்த்த டாக்டர், "எல்லா லேடீஸுக்கும் இருக்கிறதுதாம்மா, வேற வேலையில மனச செலுத்துங்க" என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வேறொரு இடத்தில் ஹார்மோன் பேக்கேஜ் என்று ரத்தம் எடுத்தார்கள். கணிசமாகப் பணம் போனது, எல்லாமே நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. நார்மல் என்று வந்துவிட்டால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? இவளுக்கு ஒன்றுமில்லை, குணம்தான் இப்படி என்றுதான் நினைப்பார்கள். பி.எம்.எஸ். உள்ள பெண்களுக்கு ஹார்மோன் அளவு மற்றவர்களைப் போலவேதான் இருக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கருமுட்டை வெளிவந்த பிறகு ஹார்மோன்கள் ஏறி இறங்குவதை ஒவ்வொருவர் மூளையும் எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் வித்தியாசம். ரத்தப் பரிசோதனையில் அது பிடிபடாது. இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹோமியோபதிக்குப் போகச் சொன்னது என் அத்தைதான், வீட்டுக்காரரின் அம்மா. "மாசா மாசம் இன்னாத்துக்கு இப்படி அல்லாடற? காட்பாடில ஓமியோபதி டாக்டர் ஒருத்தர் கீறாரு. என் முட்டி வலிக்கு அவர்தான் பார்த்தாரு. போய்ட்டு வா" என்றார். சத்துவாச்சாரியிலிருந்து பஸ் ஏறி, பாலாற்றுப் பாலம் தாண்டிப் போனேன். பலகையில் பி.எச்.எம்.எஸ். என்றும் பதிவு எண்ணும் எழுதியிருந்தது. அது ஹோமியோபதிக்கான ஐந்தரை வருடப் பட்டப் படிப்பு. ஹோமியோ பார்ப்பதாகச் சொல்லும் எல்லோரும் அதைப் படித்தவர்கள் இல்லை, அதனால் பலகையைப் பார்ப்பது முக்கியம்.

அந்த முதல் சந்திப்பை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தாகம் எடுக்குமா, எடுக்காதா? வெயில் ஆகாதா, குளிர் ஆகாதா? உப்பு அதிகம் போட்டுச் சாப்பிடப் பிடிக்குமா? அழும்போது யாராவது சமாதானம் சொன்னால் இதமாக இருக்குமா, எரிச்சல் வருமா? கழுத்தை ஒட்டிச் செயின் போட்டால், ரவிக்கை இறுக்கமாக இருந்தால் தாங்குமா? பிள்ளை, புருஷன், வீடு எல்லாமே வேண்டாம் என்று தோன்றுமா? கடைசிக் கேள்விக்கு நான் ஆமாம் என்றேன். அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஆச்சரியப்படவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் டாக்டர் 1796ல் எழுதிய கொள்கையில் தொடங்கியது ஹோமியோபதி. நல்ல உடம்புக்காரருக்கு எந்தப் பொருள் எந்தத் தொந்தரவைக் கொடுக்கிறதோ, அதே பொருளை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அந்தத் தொந்தரவு தீரும் என்பது அவர் வாதம். அதனால் நோய்க்கு இல்லாமல் ஆளுக்கு மருந்து தேடுவார்கள். குடும்பத்தின் மேலேயே பற்று விட்டுப்போய், அடிவயிறு கீழே இறங்குகிற மாதிரி இருந்தால் செபியா, இது கணவாய் மீனின் மையிலிருந்து வருவது. அழுதுகொண்டே ஆறுதல் தேடுபவருக்குப் பல்சட்டில்லா என்ற பூச்செடி. ஆறுதல் சொன்னாலே கோபம் வந்து, உப்பு மேல் ஆசையும் தலைவலியும் இருந்தால் நேட்ரம் மூர், அதாவது நம் கறியுப்பு. கழுத்தில் எதுவும் பட ஆகாமல், ரத்தப்போக்கு ஆரம்பித்ததும் நிம்மதி ஆகிறவருக்குத் தென் அமெரிக்கப் பாம்பு ஒன்றின் விஷத்திலிருந்து வரும் லாக்கெசிஸ். எனக்குச் செபியா கொடுத்தார். வெள்ளை உருண்டைகள், நாக்கில் போட்டால் இனிப்பாகக் கரையும். காபி வேண்டாம், பச்சை வெங்காயம் வேண்டாம், கற்பூர வாசனை பக்கத்தில் வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டார். "எந்தத் தேதியில ஆரம்பிக்குது, எந்தத் தேதியில நிக்குதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" இல்லை என்றேன். "தினமும் எழுதுங்கம்மா. எழுதினாதான் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். மகளின் பழைய கோடு போட்ட நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் கட்டம் போட்டேன். கோபம், அழுகை, தூக்கம், மார்பு வலி, உப்புசம், வேலையில் கவனம் என்று தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண், தொந்தரவு கூடினால் எண்ணும் கூடும். ராத்திரி படுக்கும் முன் போட்டுவிடுவேன். கடினம் ஒன்றும் இல்லை. பீரியட்ஸ் வந்த நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன்.

மருந்து சாப்பிட்ட முதல் மாதம் நிஜமாகவே லேசாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "பாத்தியா, கேக்குது" என்றார் அத்தை. அடுத்த மாதமும் பரவாயில்லை. அப்புறம் படிப்படியாகப் பழையபடி ஆகிவிட்டது. டாக்டர் வீரியத்தை 30லிருந்து 200க்கு மாற்றினார். அந்த மாதம் உருண்டை போட்ட இரண்டாம் நாளே மனசு தெளிந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அன்று பீரியட்ஸ் வந்திருந்தது. போன மாதமும் சிவப்பு வட்டத்துக்கு மறுநாள் மதிப்பெண்கள் எல்லாம் ஒன்றுக்கு இறங்கியிருந்தன. அதற்கு முந்தைய மாதமும் அப்படியேதான், மருந்து மாற்றாமலே.

இந்த விஷயத்தை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எம்.எஸ். தானாக வந்து தானாகப் போவது. தொந்தரவு உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடிப் போவோம். இரண்டு மூன்று நாளில் பீரியட்ஸ் வந்து எல்லாம் அடங்கும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், உருண்டையோ கஷாயமோ மந்திரித்த தண்ணீரோ, அதுதான் குணப்படுத்தியது என்று நம்பத் தோன்றும். நோட்டு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்குப் பிறகு கொஞ்சம் படித்தேன். 30 என்ற வீரியத்துக்கு, ஒரு பங்கு மருந்தை நூறு பங்காகக் கரைத்துக் குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நூறாகக் கரைத்து, இப்படி முப்பது முறை செய்வார்கள். பன்னிரண்டாவது முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு துகள்கூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு 2015ல் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, ஹோமியோபதி எந்த நோய்க்கும் வேலை செய்கிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று சொன்னது. பி.எம்.எஸ்.ஸுக்குப் பலன் தெரிந்ததாக இஸ்ரேலில் ஒரு ஆய்வு 2001ல் வெளிவந்தது. ஆனால் கலந்துகொண்ட பெண்கள் மிகக் குறைவு, அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. அப்படியென்றால் முதல் மாதம் எனக்கு ஏன் லேசானது? ஒரு மணி நேரம் ஒருவர் என் பேச்சைக் கேட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கவனிப்பு நிஜம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு லேடி டாக்டரிடம் போனேன். போகவே கூச்சமாக இருந்தது. 1870ல் இதே ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் டாக்டரானதே, ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்து, ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்துத்தான். 1900ல் ஒரே ஒரு கட்டிலோடு அவர் வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இன்றைக்கும் நாம் இதைச் சொல்ல வெட்கப்பட்டால் எப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அவர் நோட்டை வாங்கி, விரலால் ஒவ்வொரு கட்டமாக இறக்கிக்கொண்டே வந்தார். சிவப்பு வட்டத்துக்கு அப்புறம் வரும் வாரத்தைத் தட்டிக் காட்டி, "இந்த வாரம் சுத்தமா இருக்கு பாருங்க, இதுதான் முக்கியம்" என்றார். மாதத்தில் தொந்தரவே இல்லாத நாட்கள் இருந்தால் அது பி.எம்.எஸ். மாதம் முழுக்க இருந்து, பீரியட்ஸுக்கு முன் கூடினால் அது வேறு, மனச்சோர்வாகவோ தைராய்டாகவோ இருக்கலாம். குறைந்தது இரண்டு மாதம் எழுதிய கணக்கு இல்லாமல் இதைப் பிரித்துச் சொல்ல முடியாதாம். தைராய்டும் ரத்த அளவும் மட்டும் பார்த்தார். ரத்தசோகை கொஞ்சம் இருந்தது, அதற்குத் தனியாக மாத்திரை.

கால்சியம் பற்றி அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1998ல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வில், தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்த பெண்களுக்கு மூன்றாம் மாதத்தில் தொந்தரவு 48 சதவீதம் குறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது! என் செபியா மாதங்கள் சட்டென்று விளங்கின. மாத்திரையோடு சாப்பாட்டிலும் சேர்க்கச் சொன்னார். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியும் கூழும் எங்கள் வட ஆற்காட்டு வீடுகளுக்குப் புதுசா என்ன? அத்தைக்கு இந்த ஒரு வைத்தியத்தில் முழு சம்மதம். சாயங்காலம் நடக்கவும் ஆரம்பித்தேன். வைட்டமின் பி6 பற்றி மட்டும் எச்சரித்தார். அளவுக்கு மீறி ரொம்ப நாள் எடுத்தால் கை கால் நரம்புகள் மரத்துப்போகும், கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள் என்றார்.

கால்சியத்தில் உடம்பு உபாதைகள் குறைந்தன. கோபமும் அழுகையும் அவ்வளவாகக் குறையவில்லை. அதற்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வகை மாத்திரையைக் குறைந்த அளவில், மாதவிலக்குச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கு அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், பி.எம்.எஸ்.ஸுக்குச் சில நாளிலேயே தெரியும் என்றார். வீட்டில் பெரிய பேச்சானது. "பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரையா?" என்று என் வீட்டுக்காரர் பயந்தே போய்விட்டார். அடுத்த தடவை அவரையும் கூட்டிப்போனேன். டாக்டர் அவரிடம் நோட்டைக் காட்டி விளக்கினார். வெளியே வந்ததும், "இத்தன நாள் என் மேலதான் உனக்குக் கோபம்னு நினைச்சிக்கினு இருந்தேன்" என்றார். ஆரம்பத்தில் எனக்குக் குமட்டல் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. இப்போது அந்த வாரத்தில் மதிப்பெண்கள் இரண்டு, மூன்றோடு நிற்கின்றன. ஆறு போட்டு வெகுநாள் ஆகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தூக்கம் கெட்டால் மட்டும் கொஞ்சம் ஏறும்.

ஹோமியோ டாக்டரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நோட்டை முழுசாகப் படித்துவிட்டு, "உங்களுக்கு எது கேக்குதோ அதைப் பண்ணுங்கம்மா" என்றார். அத்தை இன்னமும் அவரிடம்தான் போகிறார்.

ஹோமியோ பார்க்க நினைப்பவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் மருந்து தொடங்குவதற்கு முன்பே இரண்டு மாதம் எழுதிவிடுங்கள், அப்போதுதான் மாற்றம் மருந்தால் வந்ததா என்று ஒப்பிட முடியும். தைராய்டு, சர்க்கரை, வலிப்பு மாத்திரை எதையும் உருண்டைக்காக நிறுத்தாதீர்கள். லேடி டாக்டர் எனக்குக் கொடுத்த மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், நீங்களாக நிறுத்தவும் கூடாது. அந்த நாட்களில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் நோட்டு எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.