பாயின்ட் குடுத்தா பசங்க ஓடிடுவாங்களா?

காலேஜ்ல பி.இ., அதாவது உடற்கல்வி பீரியட்னா எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம், ஒரு கும்பல் கிரிக்கெட் ஆடும், மீதி பேரு மரத்தடில உக்காந்து போன நோண்டிட்டு இருப்பாங்க, சார் விசில் ஊதினா மட்டும் எழுந்து ஓடுற மாதிரி ஒரு ஆக்டிங். இதுக்கு மருந்துன்னு இப்ப எங்க பாத்தாலும் கேமிஃபிகேஷன், அதாவது எதையும் கேம் மாதிரி ஆக்குற பேச்சுதான். ஆப் போடு, பாயின்ட் குடு, பேட்ஜ் குடு, லீடர்போர்டு ஒட்டு.

பி.இ. டிபார்ட்மென்ட்லயே இருக்குறவன்ங்கிறதால சொல்றேன், இந்த லீடர்போர்டு மேல எனக்கு பெருசா நம்பிக்கை கிடையாது. மேல இருக்குறது எப்பவும் காலேஜ் டீம் பசங்கதான், அவனுங்க போர்டு இல்லன்னாலும் ஓடுவானுங்க. கடைசில இருக்குறவன் ரெண்டாவது வாரத்துலயே அந்தப் பக்கம் பாக்குறத விட்டுடுவான். ஸ்டெப் கவுண்ட்டுக்கு மார்க்னு சொன்னீங்கன்னா இன்னும் மோசம், கிளாஸ்ல உக்காந்தபடியே பாக்கெட்ல போன வச்சு தொடைய ஆட்டிட்டு இருப்பாங்க. சைனால யுனிவர்சிட்டிங்க ரன்னிங் ஆப்ப கட்டாயம் ஆக்கினப்போ, காசு வாங்கிட்டு நாலஞ்சு பேரோட போன சேத்து எடுத்துட்டு ஓடுறதே ஒரு பார்ட் டைம் வேலை ஆயிடுச்சு!

போகிமான் கோ, அதான் வெளிய நடந்து போய் போன்ல பொம்மை புடிக்கிற கேம், ஞாபகம் இருக்கா? 2016ல அமெரிக்காவுல 18ல இருந்து 35 வயசு ஆளுங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. மொத வாரம் தினமும் சராசரியா 955 ஸ்டெப் கூடுச்சு, ஆறாவது வாரத்துல எல்லாம் பழைய நிலைமைக்கே வந்துடுச்சு. நம்ம செமஸ்டர் அதவிட பெருசு சார்.

அப்ப என்னதான் வேலை செய்யுதுன்னா, என் அனுபவத்துல பீப் டெஸ்ட். 1982ல லெஜேன்னு ஒரு கனடா ஆய்வாளர் கொண்டு வந்தது, பீப் சத்தத்துக்கு ஏத்த மாதிரி 20 மீட்டர் போய் வரணும், இப்ப நடத்துற முறைல மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு நிமிஷமும் ஒரு லெவல், வேகம் 0.5 கிலோமீட்டர் ஏறும், பீப்புக்கு ஈடு குடுக்க முடியலன்னா அவுட்டு. அது டெஸ்ட்தான், ஆனா பாருங்க லெவல், சவுண்டு, அவுட்டு எல்லாமே அதுக்குள்ளயே இருக்கு. நாங்க ஒரே ஒரு ரூல் சேத்தோம், யாரு எத்தனாவது லெவல்ங்கிறது கணக்கில்ல, போன தடவைய விட எவ்ளோ ஏறினேங்கிறதுதான் டீமுக்கு பாயின்ட். மூணாவது லெவல்ல மூச்சு வாங்கி நின்ன ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு அடுத்த மாசம் அஞ்சுக்குப் போச்சு, மொத்த டீமும் கோட்டுக்கு வெளிய நின்னு கத்துது. பதினொண்ணுலயே நிக்கிற அத்லெட் ஒருத்தன் வந்து "சார் இது அநியாயம்"ங்கிறான். பன்னெண்டுக்குப் போடான்னேன்.

இதெல்லாம் நம்ம கபடிலயே இருக்குங்க. 2014ல வந்த ப்ரோ கபடில பாருங்க, ரெண்டு ரைடு சும்மா வந்தா மூணாவது டூ ஆர் டை, பாயின்ட் எடுக்கலன்னா ரைடர் அவுட்டு, கோர்ட்ல மூணு பேரோ அதுக்குக் கம்மியாவோ மிச்சம் இருந்து ரைடரப் பிடிச்சா சூப்பர் டேக்கிள், எக்ஸ்ட்ரா பாயின்ட். ஆளு கம்மியாகி நிக்கிற டீமுக்குத்தான் ரூல் கை குடுக்குது, அதனாலதான் கடைசி நிமிஷம் வரைக்கும் ஒருத்தனும் எழுந்து போக மாட்டான். ஆப் வாங்க காசு கேக்குறதுக்கு முன்னாடி நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்க இத உக்காந்து யோசிக்கலாம்.

அடுத்த செம்ல த்ரோபாலுக்கு இந்த மாதிரி, பின்னாடி இருக்குற டீமுக்குப் போனஸ் பாயின்ட் வச்சுப் பாக்கப் போறேன். முன்னாடி இருக்குற டீம் கேப்டன்ங்க சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.